டேப் ஒட்டப் போய் வாங்கி வந்த கொப்புளம்

இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் பிடித்த இடுப்பு வலி. டாக்டர், எக்ஸ்ரே, "எலும்பில் ஒன்றுமில்லை, பிசியோவுக்குப் போங்க" எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. பிசியோவில்தான் ஏழரை ஆரம்பம்.

முதல் நாள் போய் நின்றால், பெண் பிசியோ செவ்வாய், வியாழன் மட்டும்தான் வருவாராம். போனில் நேரம் கொடுத்தபோது இதைச் சொல்ல என்ன கேடு? ஆட்டோ காசு தண்டம். வலிக்கு இடுப்பில் டேப் ஒட்டிக்கொள்ள வியாழக்கிழமை போனேன். காலையில் அம்மா தேய்த்துவிட்ட தைலம் முதுகில் மினுமினுக்க, "எண்ணெய்ப் பிசுக்கில் டேப் நிற்காதும்மா" என்று சொல்லிவிட்டு, கையால் செய்வதை மட்டும் செய்தார். குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாகக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விட்டார். நெட்டி முறிவது போல் படீரென்று கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், ஒரு சத்தமும் இல்லை. இறங்கிக் குனிந்து செருப்பு வாரை நானே மாட்டினேன், மாதக்கணக்கில் முடியாத காரியம்.

அடுத்த முறை டேப் ஒட்டியது அங்கே வேலை பழக வந்த பெண். விளையாட்டு வீரர்கள் ஒட்டிக்கொள்ளும் அதே கலர் டேப்தான், 1970களில் ஜப்பான்காரர் கென்சோ காசே கொண்டுவந்தது. நம்மைக் குனியச் சொல்லி ஒட்டுவார்கள், ஆனால் இரண்டு முனையையும் இழுக்காமல் ஒட்ட வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை போல. ராத்திரி ஒரே அரிப்பு. போன் போட்டால் "டேப்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். காலையில் வெடுக்கென்று உரித்தேன், முனையில் இருந்த கொப்புளம் தோலோடு வந்தது.

ஆகவே, முதலில் சின்னத் துண்டு ஒட்டி ஒரு நாள் பாருங்கள். அரித்தால் யார் என்ன சொன்னாலும் எடுத்துவிடுங்கள். எண்ணெயில் ஊறவிட்டு, தோலை அழுத்திப் பிடித்து மெதுவாக உரிக்க வேண்டும். புடவை கட்டுபவர்களுக்கு ஒன்று: பாவாடை நாடா சரியாக டேப்பின் மேலேயே உட்கார்ந்து ஓரத்தைச் சுருட்டிவிடும், அந்த நாட்களில் எலாஸ்டிக் பேண்ட்தான் சரி. கால் மரத்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ பிசியோ, டேப் என்று நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

புண் ஆறியதும் பெரிய பிசியோவிடமே கேட்டேன். "டேப் கொஞ்ச நாளைக்குத்தான், மிச்சத்தை நீங்கள் செய்யும் பயிற்சிதான் பார்க்கும்" என்றார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நேற்று ஈரத்துணி பக்கெட்டை மாடிக்கு நானே தூக்கிப் போனேன். கொப்புளம் போட்ட அந்த டேப்புக்குத் தனி பில் வேறு போட்டார்கள், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.