ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு டயர் மாற்றியபோது பார்த்தவை

ஹெரால்டுக்கு டயர் வாங்கக் கிளம்பும் முன் ரிம்மைக் கழற்றி அதன் அகலத்தை அளந்துவிட வேண்டும். கடைக்காரர் முதலில் கேட்பது பழைய டயரின் சைஸைத்தான். ஆனால் பழைய டயர் சொல்வது கடைசியாக மாற்றியவர் என்ன போட்டார் என்பதை மட்டும். எந்த டயர் பொருந்தும் என்பதை ரிம்தான் சொல்லும்.

சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் 1961 முதல் செய்யப்பட்ட இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 5.20-13 சைஸ் நைலான் டயர், அதாவது உள்நூல்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய ரகமான கிராஸ்பிளை. ரிம் 13 அங்குல விட்டம், மூன்றரை அங்குல அகலம். அகலத்தை விளிம்புக்கு விளிம்பு அளக்கக் கூடாது. டயரின் பீடிங் (ரிம்மில் பதியும் கம்பி வைத்த விளிம்பு) உட்காரும் இரண்டு உள்சுவர்களுக்கு நடுவில் அளக்க வேண்டும். வெளி விளிம்பில் டேப் வைத்தால் ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி அகல டயர் வாங்கியவர்கள் நிறையப் பேர்.

5.20-13 டயரின் மொத்த உயரம் சுமார் 580 மி.மீ. இப்போதைய ரகமான ரேடியலில் இதற்குப் பக்கத்தில் வருவது இரண்டு சைஸ்தான். 155/80 ஆர் 13 சுமார் 578 மி.மீ., 145/80 ஆர் 13 சுமார் 562 மி.மீ. உயரத்தை மட்டும் பார்த்தால் 155தான் சரி என்று தோன்றும், பலரும் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் அந்த டயருக்கு ரிம் குறைந்தது 4 அங்குலம் வேண்டும். மூன்றரை அங்குல ரிம்மில் மாட்டினால் பீடிங் இரண்டும் நெருங்கி நிற்க, பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, தரையில் படும் ரப்பர் நடுவில் மேடாகிவிடும். வளைவில் டயர் ஒரு நொடி தள்ளாடிவிட்டுப் பிறகுதான் பிடிக்கும். 145/80க்கு மூன்றரை முதல் 5 அங்குலம் வரை ரிம் ஏற்கும். ஆகவே கம்பெனி கொடுத்த பழைய ரிம்மே இருந்தால் 145/80 ஆர் 13தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாலரை அங்குல ரிம் கிடைத்து மாற்றியிருந்தால் 155 போடலாம்.

உயரம் மூன்று சதவீதம் குறைவதால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 58 இருக்கும். கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு கூடும். இதில் கெடுதல் ஒன்றுமில்லை.

சந்தோஷமான விஷயம், இந்தச் சைஸுக்கு வெளிநாட்டில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டாம். 2022இல் வந்த ஆல்ட்டோ கே10 காரின் சைஸும் இதே 145/80 ஆர் 13தான். ஊருக்கு ஊர் டயர் கடையில் கிடைக்கும். அறுபது வருஷ வண்டிக்குப் புதிதாகத் தயாரித்த ரப்பர் கிடைப்பது பெரிய கொடுப்பினை. பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்களுக்கு 14 அங்குலத்தில் இவ்வளவு சுலபம் கிடையாது. ஆனால் ஒன்று: டயர்தான் மாருதியோடு பொருந்தும், ரிம் பொருந்தாது. ஹெரால்டில் ரிம்மை மாட்டும் நான்கு ஸ்டட்டும் (நட் ஏறும் போல்ட்) 95.25 மி.மீ. வட்டத்தில் இருக்கின்றன, புதிய மாருதிகளில் 100 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதால் நட்டை வலுக்கட்டாயமாக ஏற்றிப் பார்ப்பார்கள். ஒருபக்கமாக இறுகி, ஓடும்போது தளர்ந்துவிடும்.

145/80 டயரில் போட்டிருக்கும் சுமை எண் 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும். வண்டியே 800 கிலோ அளவுதான் என்பதால் அது தாராளம். வேன், சிறு சரக்கு வண்டிக்கான எல்.டி. (லைட் டிரக்) டயர் 'நல்லா தாங்கும்' என்று கடையில் எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் சுவர் அத்தனை கெட்டி. இந்த எடைக்கு அது வளையவே வளையாது. மேடுபள்ளம் நேராக இலைப்பட்டை ஸ்பிரிங்குக்கும் முதுகுக்கும் போய்ச் சேரும்.

வாங்கும் டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கத் தேதியும் இருக்கும். 1424 என்றால் 2024ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியில் பட்டன் தேய்வதற்குள் ரப்பர் காய்ந்துவிடும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் ஆறு மாதத்துக்குள் செய்த டயராகக் கேட்டு வாங்குங்கள். ஐந்தும் ஒரே தேதிக்கு அருகில் இருந்தால் நல்லது. ஐந்து என்றது ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். நான்கு ரேடியலோடு டிக்கிக்குள் ஒரு பழைய நைலான் கிடந்தால், பஞ்சரான அன்று அது எந்தச் சக்கரத்தில் ஏறும் என்பது நம் கையில் இல்லை.

அது ஏன் ஆபத்து என்றால், ரேடியல் நைலானைவிட இறுக்கமாகப் பிடிக்கும். முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் இருந்தால் வளைவில் முன்பக்கம் பிடித்து நிற்க, பின்பக்கம் வழுக்கி வெளியே போகும். ஹெரால்டின் பின்னச்சோ ஊசல்போல மேலும் கீழும் ஆடும் ரகம். வளைவில் திடீரென ஆக்சிலேட்டரை விட்டால் பின்புறம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். அப்படிப்பட்ட வண்டியில் டயரைக் கலந்து போடுவது கூடவே கூடாது.

இனி ரிம். வயர் பிரஷ் போட்டுத் துரு எடுத்து, பீடிங் உட்காரும் இடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு ஜாக்கியில் ஏற்றிச் சுற்றிவிட்டு, ஒரு குச்சியை விளிம்புக்கு ஒட்டிப் பிடித்தால் கோணல் தெரிந்துவிடும். 2 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேலன்சிங்கில் சரியாகாது, ரிம்மைத்தான் தட்டி நிமிர்த்த வேண்டும். ரெட் ஆக்சைடு அடித்தால் பீடிங் இடத்தில் மெல்லிசாக அடியுங்கள். தடித்த பெயின்ட் உரிந்தால் காற்று அங்கேதான் கசியும்.

புதிய டயர் டியூப்லெஸ். ஆனாலும் டியூப் போட்டே ஓட்டுகிறோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். டியூப்லெஸ் ரிம்மில் பீடிங் நழுவாமல் தடுக்க உள்ளே ஒரு சிறு மேடு இருக்கும், பழைய ரிம்மில் அது கிடையாது. காற்றுக் குறைந்த நேரத்தில் வேகமாகத் திரும்பினால் பீடிங் விட்டுவிடும். டியூப் ரேடியலுக்கானதாக, 13 அங்குலத்தில் 145/155 என்று போட்டதாக இருக்க வேண்டும். வாங்கும் முன் ரிம்மின் வால்வு ஓட்டையையும் அளந்து பாருங்கள். 11.5 மி.மீ. ஓட்டைக்கு ஒரு வால்வு, 16 மி.மீ. அளவு ஓட்டைக்குத் தடித்த இன்னொன்று. மெல்லிய வால்வைப் பெரிய ஓட்டையில் விட்டால் ஆடி ஆடி அடியில் கிழியும்.

டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் காகித ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்தச் சிறு காகிதம் சூட்டில் டியூபை உரசியே ஓட்டை போட்டுவிடும். டால்க் தூள் தூவி, டியூபை லேசாக ஊதி உள்ளே வைத்து மாட்டிய பின் ஒருமுறை முழுக்கக் காற்றடித்து, வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக இறக்கி, மறுபடி அடிக்க வேண்டும். முதல் முறையில் விழுந்த மடிப்பு இரண்டாம் முறையில் பிரிந்துவிடும். அவசரத்தில் இதை விட்டால் அந்த மடிப்பிலேயே ஒரு மாதத்தில் பஞ்சர். பீடிங்குக்குச் சற்று மேலே டயரைச் சுற்றி ஓடும் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். உட்காரவில்லை என்று 40 பவுண்டுக்கு மேல் காற்று ஏற்றாதீர்கள், சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி முயலுங்கள்.

பேலன்சிங் மெஷினில் ரிம்மின் நடு ஓட்டையை வைத்துத்தான் மாட்டுவார்கள். பழைய ரிம்மில் அந்த ஓட்டை துல்லியமாகக் கடைந்தது அல்ல. மெஷின் 'ஓகே' காட்டும், 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். நட் ஓட்டைகளைப் பிடித்து மாட்டும் தட்டு உள்ள கடையைத் தேடிப் போவது நல்லது.

நட்டை ஏர் கன்னால் இறுக்க விடாதீர்கள். ஸ்டட் வெறும் 3/8 அங்குலம், 40 பவுண்டு-அடி போதும். அதற்கு மேல் போனால் ஸ்டட் நீண்டு, என்றோ ஒரு நாள் முறியும்.

சக்கரம் கழன்றிருக்கும்போதே முன்பக்க டிரன்னியனுக்கு (முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பம் திரும்பும் அடி மூட்டு) ஆயில் விட்டுவிடுங்கள். கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். அங்கே கிரீஸ் போட்டுப் போட்டே உள்ளே காய்ந்து, கம்பம் முறிந்து சக்கரம் படுத்த வண்டிகள் உண்டு.

மாட்டிய பின் உரசல் பார்க்க வேண்டும். ஹெரால்டின் பானெட் முழு முன்பக்கத்தோடு சேர்ந்து முன்னால் கவிழும் என்பதால் இரண்டு சக்கரமும் கண்முன்னே நிற்கும். ஒருவர் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்கட்டும். டயருக்கும் உள்பக்கக் கம்பிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். 25 அடி வட்டத்தில் திரும்பும் வண்டி இது, சக்கரம் மற்ற பெரும்பாலான கார்களைவிட அதிகமாகத் திரும்பும். மட்கார்டு விளிம்பின் உள்ளே சாக்பீஸ் தடவிவிட்டு நாலு பேரை ஏற்றி ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால், உரசும் இடம் டயரில் வெள்ளையாகத் தெரியும்.

பின்சக்கரத்தை ஜாக்கியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தூக்கியதும் சக்கரத்தின் கீழ்ப்பாகம் உள்ளே சாய்ந்துவிடும், கீழே இறக்கிய பிறகும் அப்படியே நிற்கும். வண்டியைப் பத்து அடி முன்னே தள்ளி, பத்து அடி பின்னே தள்ளினால்தான் தன் நிலைக்கு வரும்.

காற்று முன்னால் 22, பின்னால் 26 பவுண்டில் ஆரம்பிக்கலாம், ஆள் நிறைய இருந்தால் பின்னால் 28. எப்போதும் பின்னால்தான் கூடுதல். பஞ்சர் கடையில் பழக்கதோஷத்தில் நாலுக்கும் 30 வைத்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் பின்டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் டயரில் குறையில்லை, பின்னால் குறுக்கே போகும் இலைப்பட்டை தொய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் அடுத்த ஜோடி வாங்காதீர்கள்.