மூடிய கல்லூரியை விலைக்கு வாங்கியவர்கள்

பழைய மாணவர் சங்கம் என்றாலே ஆண்டுக்கொரு விருந்தும் குழுப் புகைப்படமும்தான் என்று எண்ணியிருந்த எனக்கு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஆண்டியாக் கல்லூரியின் கதை வியப்பளித்தது.

மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவியும் குடியுரிமைப் போராளியுமான கொரெட்டா ஸ்காட் கிங் படித்த அந்தக் கல்லூரியை, பண நெருக்கடியையும் மாணவர் எண்ணிக்கை சரிந்ததையும் காரணம் காட்டி, அதை நடத்திவந்த பல்கலைக்கழகம் 2008 ஜூன் மாதத்துடன் மூடிவிட்டது. ஆசிரியர்கள் சிலர் ஊரைவிட்டுப் போகவில்லை. பழைய மாணவர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில், யெல்லோ ஸ்பிரிங்ஸ் ஊரின் தேவாலயங்களிலும் காபிக் கடைகளிலும் வீட்டுக் கூடங்களிலும் வகுப்பெடுத்தார்கள். அவ்வகுப்புகளுக்குக் கல்லூரியின் பெயரோ அங்கீகாரமோ கிடையாது என்று தெரிந்தும் மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். என்னைப் பொறுத்தவரை கல்லூரி உயிர் பிழைத்தது அங்கேதான்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில், பழைய மாணவர்கள் அமைத்த நிறுவனம் வளாகத்தையும் பெயரையும் ஏறக்குறைய 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. வாங்குவது ஒன்று, நடத்துவது வேறு. ஒருமுறை மூடிய கல்லூரி அங்கீகாரத்தையும் இழந்துவிடுகிறது. அங்கீகாரமில்லாத பட்டத்துக்கு யார் கட்டணம் கட்டுவார்கள்? ஆகவே முதலில் சேர்ந்தவர்களிடம் கல்விக் கட்டணமே வாங்காமல், 2011 அக்டோபரில் வெறும் 35 மாணவர்களுடன் கதவைத் திறந்தார்கள். (நம் ஊரில் ஒரு வகுப்பறைக்கே அது போதாது.) முழு அங்கீகாரம் 2016-இல்தான் கிடைத்தது.

அதே நாட்டின் ஸ்வீட் பிரையர் கல்லூரி 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தபோது, அதன் பழைய மாணவிகள் உடனே நீதிமன்றப் போராட்டத்திலும் நிதி திரட்டலிலும் இறங்கினார்கள். நான்கே மாதங்களுக்குள் மூடும் முடிவு கைவிடப்பட்டது.