பாலாத்து மணல்ல ரோவர் ஓட்டிப் பழகி யூட்டா போன அனுபவம்

ரோவர், அதாவது செவ்வாய்ல ஓடற வண்டி மாதிரி நாங்க செஞ்ச ரோபோ வண்டி, அதை எங்க டெஸ்ட் பண்ணீங்கன்னு ஜூனியர் பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். யூனிவர்சிட்டி ரோவர் சேலஞ்ச்னு காலேஜ் பசங்களுக்கான ரோவர் போட்டி வருஷா வருஷம் அமெரிக்கால யூட்டா பாலைவனத்துல ஹேங்க்ஸ்வில் ஊர் பக்கத்துல நடக்குது, அதை நடத்தற மார்ஸ் சொசைட்டிங்கற அமைப்பு அங்க ஒரு ஸ்டேஷன் வச்சிருக்காங்க, செவ்வாய்ல இருக்கறமாதிரியே ஆளுங்க தங்கி, வெளிய வந்தா ஸ்பேஸ் சூட் போட்டுட்டுதான் வருவாங்க. ரோவர் 50 கிலோவுக்கு மேல இருக்கக்கூடாது. மொதல்ல டிசைன் ரிப்போர்ட், அப்புறம் வண்டி ஓடற வீடியோ, அதைப் பாத்துதான் கூப்புடுவாங்க.

எங்க வண்டி லேப் டைல்ஸ் தரையில சூப்பரா ஓடுச்சு, வீடியோ எடுத்துடலாம்னு இருந்தோம். அப்ப ஒரு சீனியர் அண்ணன்தான் சொன்னாரு, சந்திரயான் 2 டெஸ்ட்டுக்கு இஸ்ரோவே நம்ம நாமக்கல் சித்தம்பூண்டி பாறையை அரைச்சுதான் நிலா மண்ணு செஞ்சாங்க, உங்களுக்கு வாசல்லயே பாலாறு கெடக்குது, டைல்ஸ்ல ஓட்டறீங்களேன்னு.

அடுத்த ஞாயித்துக்கெழம விடியக்காலம் குட்டியானைல ஏத்திட்டு காட்பாடி பக்கம் ஆத்துக்குள்ள எறக்குனோம். நாலடிதான் போச்சு. சக்கரம் நின்ன எடத்துலயே சுத்தி மணலைத் தோண்டி அச்சு வரைக்கும் பொதைஞ்சிடுச்சு, பதட்டத்துல இன்னும் த்ராட்டில் குடுத்தோம், இன்னும் கீழ போச்சு. நாசாவோட ஸ்பிரிட் ரோவர் 2009-ல இப்படித்தான் பொத மண்ணுல மாட்டி கடைசி வரைக்கும் வெளிய வரல, படிச்சப்ப அது வெறும் செய்தியா இருந்துச்சு, அன்னிக்கு கையால மணலைத் தள்ளறப்பதான் புரிஞ்சுது. சக்கரத்தை அகலமாக்கி பல்லை உயரமா வச்சோம், வேகத்தைக் கொறைச்சோம், மூணு வாரம் போச்சு.

போட்டியில வர்ற டாஸ்க்ல சயின்ஸ் டாஸ்க்தான் எனக்கு மனசுக்கு நெருக்கம். மண்ணைத் தோண்டி எடுத்து அதுல உயிர் இருந்த அடையாளம் இருக்கான்னு ரோவரே பாக்கணும். டிரில்லர்ல எடுத்த மணல் எங்க தோண்டுனாலும் காஞ்சு கொட்டுது. ஆத்தோரம்தான் எங்க ஆயா வீடு, கூழ் எடுத்துட்டு வந்தவங்க கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏன்டா கண்ணு, மேட்டுல தோண்டுனா இன்னா கெடைக்கும், அந்தக் கோரை மொளைச்சிருக்குது பாரு, அந்தப் பள்ளத்துல போடு, நாங்க அங்கதான் ஊத்து தோண்டி தண்ணி மொண்டோம்"னாங்க. போட்டோம், ஈர மண்ணு வந்துச்சு. மேல வறண்டு கெடந்தாலும் எங்க தோண்டணும்னு நெலத்தோட அமைப்பை வச்சு முடிவு பண்ணணும், செவ்வாய்லயும் பழைய ஆறு ஓடுன எடத்தைத்தான தேடறாங்க. அன்னிலேர்ந்து டிரில் பண்றதுக்கு முன்னாடி கேமராவுல சுத்திப் பாத்து எடத்தைத் தேர்ந்தெடுக்கறதையே தனியா பிராக்டிஸ் பண்ணோம்.

போட்டியில ரோவரை நேர்ல பாக்க முடியாது, கேமரா மட்டும்தான். அதனால குட்டியானைய தார்பாய் போட்டு மூடி உள்ள ஒக்காந்து ஓட்டுனோம். கரைக்குப் பின்னாடி போனதும் சிக்னல் கட், ஆன்டெனாவை உயரமான கம்பத்துல ஏத்துனதும் சரியாச்சு. செலக்ட் ஆனதுக்கப்புறம் ஏப்ரல் மாசம் உச்சி வெயில்ல ஓட்டுனப்ப ரோவரோட கையில இருந்த பிஎல்ஏ பார்ட் (3டி பிரிண்டர்ல போடற பிளாஸ்டிக்) வளைஞ்சிடுச்சு, அது 60 டிகிரி கிட்டயே எளகிடும், கருப்பு பார்ட், மோட்டார் சூடு வேற. எல்லாத்தையும் அலுமினியத்துக்கு மாத்துனோம். வேலூர் வெயில் அதைக் காட்டிக் குடுக்கலன்னா யூட்டாலதான் தெரிஞ்சிருக்கும்.

பேட்டரி விஷயம் ஒண்ணு, 160 வாட் ஹவருக்கு மேல இருந்தா பயணிகள் விமானத்துல கொண்டு போக முடியாது, அங்கயே வாங்கற மாதிரி முன்கூட்டியே பிளான் பண்ணுங்க.

யூட்டாவுல மண்ணு செவப்பு, சில எடத்துல களிமண், மணல் மாதிரி இல்ல, ஆனா வண்டி எங்கயும் பொதையல. ஆட்டோனமஸ் நேவிகேஷன்ல, அதாவது நாம ஓட்டாம ரோவர் தானா வழி பாத்துப் போறதுல மட்டும் பாதியிலயே நின்னுடுச்சு, அதை ஆத்துல மொத்தம் நாலே தடவைதான் ஓட்டியிருந்தோம். நீங்க மழை நின்னு மணல் காஞ்சதுமே, பொங்கலுக்கு முன்னாடியே எறக்கிடுங்க. கோரை இருக்கற எடம் தெரியணும்னா சொல்லுங்க, ஆயாவைக் கூட்டிட்டு வரேன்.