மழையால், மழை பெய்ததால்

மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குத் தயாரான முதல் வருடத்தில் எனக்கு அதிகம் மார்க் போனது கணக்கில் இல்லை, ஆங்கிலத்தில். அதிலும் வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரே வகைக் கேள்வியில். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பலர் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பிறகு பார்த்தேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாதிரித் தேர்வு ஒன்றில் வந்த வாக்கியம் இது: 'டெஸ்பைட் ஹீ வாஸ் இல், ஹீ அட்டெண்டட் த மீட்டிங்.' துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டு, எந்தத் துண்டில் பிழை என்று கேட்டிருந்தார்கள். 'உடம்பு சரியில்லாதபோதும் கூட்டத்துக்கு வந்தான்' என்று மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அர்த்தம் சரியாக வந்தது. 'நோ எரர்' என்று போட்டுவிட்டேன். விடைக்குறிப்பில், டெஸ்பைட் வராது, ஆல்தோ வர வேண்டும் என்று இருந்தது. ஏன் என்று ஒரு வரிகூட இல்லை.

முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், தப்பான விடைக்கு அரை மார்க் கழியும். இரண்டாம் கட்டத்தில் 45 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 3 மார்க், தப்புக்கு 1 மார்க் போகும். அதாவது சரியாகப் போட வேண்டியதைத் தப்பாகப் போட்டால் 4 மார்க் பின்னால் போய்விடுகிறோம். இந்த வகையில் மூன்று கேள்வி விட்டாலே தரவரிசையில் எங்கேயோ தள்ளிவிடும்.

பயிற்சி வகுப்பில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ஒரு பக்கம் கன்ஜங்ஷன், அதாவது வாக்கியங்களை இணைக்கும் சொல்: பிகாஸ், ஆல்தோ, வைல். இன்னொரு பக்கம் பிரிபொசிஷன், அதாவது பெயருக்கு முன்னால் வரும் சொல்: பிகாஸ் ஆஃப், டெஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப், ட்யூரிங். மனப்பாடம் செய்தேன். தேர்வறையில் எது எந்தப் பக்கம் என்பது மறந்துபோனது. மறந்ததில் ஆச்சரியம் இல்லை. தமிழ் பேசுகிறவனுக்கு இந்த இரண்டு பக்கம் என்ற எண்ணமே பழக்கமில்லாதது.

'மழையால் பள்ளி லீவு' என்கிறோம். 'மழை பெய்ததால் பள்ளி லீவு' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் அதே 'ஆல்'. பள்ளியில் படித்த மூன்றாம் வேற்றுமை உருபுதான் அது. வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லில்தானே ஒட்டும்? 'பெய்ததால்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: பெய்தது, ஆல். 'பெய்த' என்ற வினையை 'பெய்தது' என்று பெயராக்கிவிட்டுத்தான் தமிழ் அதன்மேல் உருபை ஒட்டுகிறது. எல்லாமே பெயராகிவிடுவதால் ஒரே உருபு போதும். ஆங்கிலம் அப்படிச் செய்வதில்லை. வினையை வினையாகவே விட்டுவிட்டு, முன்னால் நிற்கும் சொல்லை மாற்றுகிறது. 'பிகாஸ் ஆஃப் த ரெயின்', 'பிகாஸ் இட் ரெயின்ட்'. நம் மொழியில் கடைசியில் ஒட்டுவது அங்கே முதலில் வந்து நிற்கிறது. வந்து நிற்கும்போதே, பின்னால் வரப்போவது வெறும் பெயரா, எழுவாயும் வினையும் சேர்ந்த தனி வாக்கியமா என்று முடிவு செய்துவிடுகிறது.

இது புரிந்த அன்றைக்குப் பட்டியலை மூடி வைத்துவிட்டேன். அப்புறம் நான் பார்த்தது ஒன்றே ஒன்று: டெஸ்பைட், பிகாஸ் மாதிரித் திறக்கும் சொல்லுக்குப் பிறகு, கமாவுக்குள், காலம் காட்டும் வினையும் அதற்கு ஒரு எழுவாயும் இருக்கிறதா? இருந்தால் கன்ஜங்ஷன். இல்லையென்றால் பெரும்பாலும் பிரிபொசிஷன். 'ஹீ வாஸ் இல்' என்பதில் இரண்டும் இருக்கின்றன. டெஸ்பைட் அதைத் தாங்காது. 'டெஸ்பைட் ஹிஸ் இல்னஸ்' என்றால் சரி.

'டெஸ்பைட் பீயிங் இல்' என்றாலும் சரிதான். இங்கேதான் நிறையப் பேர் குழம்புவார்கள், பீயிங் வினைபோலத் தெரிகிறதே என்று. இந்த இடத்தில் வரும் ஐ.என்.ஜி. நம்முடைய தொழிற்பெயர் மாதிரி: வருதல், படித்தல், இருத்தல். வினையிலிருந்து பிறந்தது, ஆனால் பெயர். காலம் காட்டாது. 'டெஸ்பைட் த ஃபேக்ட் தட் ஹீ வாஸ் இல்' என்று எழுதுவதும் இதே வேலைதான். 'த ஃபேக்ட்' என்ற பெயரை நடுவில் நிறுத்திவிட்டால் அதன்பின் முழு வாக்கியமே வரலாம்.

இன்னொரு பொறி, எனக்கு மிகவும் பிடித்தது: 'பிகாஸ் ஆஃப் த ஹெவி ரெயின் தட் ஃபெல் லாஸ்ட் நைட், த ஸ்கூல்ஸ் வேர் க்ளோஸ்ட்.' கமாவுக்குள் 'ஃபெல்' என்ற வினை இருக்கிறது. அவசரத்தில் பிழை என்று போட்டுவிடுவோம். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'நேற்று ராத்திரி பெய்த பலத்த மழையால்'. 'பெய்த' பெயரெச்சம், மழையைத் தழுவி நிற்கிறது. உருபு ஏறியிருப்பது மழைமேல்தான். ஆக வாக்கியத்தில் பிழை இல்லை. தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு ஆங்கில இலக்கணம் எதிரி இல்லை என்று நான் உறுதியாக நம்பத் தொடங்கியது இந்த வாக்கியத்தில்தான்.

ஆஃப்டர், பிஃபோர், சின்ஸ், அன்டில் இரண்டு பக்கமும் வரும். அவற்றில் இந்தப் பிழையைத் தேட வேண்டாம். ஆல்தோ என்று தொடங்கிய வாக்கியத்தில் பட் வந்தால் உடனே நில்லுங்கள், இரண்டில் ஒன்று போதும். அன்லெஸ்ஸில் 'இல்லாவிட்டால்' ஏற்கனவே இருக்கிறது, இன்னொரு நாட் எதற்கு? இன் கேஸும் இன் கேஸ் ஆஃப்பும் ஒன்றல்ல. லிஃப்ட் பக்கத்தில் 'இன் கேஸ் ஆஃப் ஃபயர்' என்று போர்டு பார்த்திருப்பீர்கள். தீப்பிடித்தால் என்று பொருள். 'டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்' என்றால், மழை வந்தாலும் வரலாம், இப்போதே குடை எடுத்துக்கொள் என்று பொருள்.

பிகாஸில் வாக்கியம் தொடங்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை மறந்துவிடுங்கள். பிகாஸ் என்றால் 'ஏனென்றால்' என்று மட்டும் படித்ததால் வந்த குழப்பம் அது. வாக்கியத்தின் முதலில் வரும்போது அது நம்முடைய '-ததால்'. பின்னால் கமா போட்டு மீதி வாக்கியம் வந்துவிட்டால் போதும்.

பயிற்சிக்கு நான் செய்தது இவ்வளவுதான். தினமும் ஆங்கிலப் பேப்பரின் தலையங்கம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லைப் பென்சிலால் வட்டமிடுவேன். அது பிகாஸ், டெஸ்பைட் மாதிரி ஒரு சொற்கூட்டத்தைத் திறக்கிற சொல்லாக இருந்தால் கமா வரை கோடு இழுத்து, உள்ளே வினை இருந்தால் 'வி', இல்லாவிட்டால் 'பெ' என்று ஓரத்தில் எழுதுவேன். முதல் வாரம் ஒரு தலையங்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு மாதம் போனபின் பென்சிலே தேவைப்படவில்லை. அடுத்த வருடத் தேர்வில் 'வைல் ஹிஸ் ஸ்டே இன் டெல்லி' என்று ஒரு துண்டு வந்தது. ஸ்டே இங்கே பெயர், முன்னால் 'ஹிஸ்' இருக்கிறது. ட்யூரிங்தான் வர வேண்டும் என்று அந்தத் துண்டைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.