மலையேறும் ஆப்பிள்

ஜூலை 30

அப்பச்சிக்கு, என் அப்பாவுக்கு, ஆப்பிளை மரத்தில் பார்க்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பதினோராம் நாள் வாயைத் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தவுக எல்லாரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாத் தூக்கிட்டு வந்தாக. எழுபத்தெட்டு வயசாச்சு. அது எப்படிக் காச்சுத் தொங்கும்னு இன்னும் பாக்கலை பாரு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 1

மகனிடம் சொன்னேன். சண்டிகருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. "ஐயாவைக் கூட்டிட்டு வாங்க, சிம்லாவில் தங்கிக்கிட்டு ஒரே நாளில் பாத்துட்டு வந்துரலாம்" என்கிறான். இளசுகளுக்கு எல்லாமே ஒரே நாள்தான். சண்டிகரில் இருந்து சிம்லாவுக்கே 115 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு.

இரண்டாங்கட்டில் மறுபடி ஒழுகுகிறது. சட்டியை வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கும்மாயம் கிண்டினேன். அப்பச்சிக்கு ஒரே ஒரு கரண்டி. நெய்யைப் பார்த்தாலே எனக்கு அந்த ஆஞ்சியோ படம்தான் கண்ணில் வருகிறது.

ஆகஸ்ட் 5

இரவு பதினொரு மணி வரை மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிம்லாவில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் குஃப்ரி, தியோக், மட்டியானா, நார்கண்டா. அதுவரை 65 கிலோமீட்டர் போல. அங்கிருந்து பிரிந்தால் ஆப்பிள் தோட்டங்கள் இருக்கிற தானேதார், கோட்கர். மொத்தம் 80. நம் ஊர் ரோட்டில் ஒன்றரை மணி நேரம். அங்கே மூன்று. சீசனில் ஆப்பிள் லாரிகள் வரிசை கட்டி நிற்குமாம், நாலு என்று வைத்துக்கொள்ளலாம். பத்து மணிக்குத் தோட்டம். மூன்று மணிக்குத் திரும்பிவிட வேண்டும், இருட்டில் மலை ரோடு கூடாது. ஐந்து மணி நேரம் மரத்தடியில். அது போதும், அப்பச்சி வேறென்ன கேட்டார்?

ஆனால் தேதிதான் பிடிபடவில்லை. மகனோடு வேலை பார்க்கிற பையன் தியோக் பக்கம். அவன் சொன்னதை இவன் சொன்னான். ஆப்பிள் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் பழுக்காது. ஜூலையில் அடிவாரத்துப் பக்கம், ஆகஸ்டில் நடு மட்டம், செப்டம்பரில் அதற்கும் மேலே, அக்டோபரில் கின்னௌர். வாரம் போகப் போக அறுவடை மலையில் ஏறிக்கொண்டே போகும். தானேதார் பக்கம் ஆகஸ்ட் நடுவில் இருந்து ஒரு மாதம். அதை விட்டால் கல்பா மாதிரி 3,000 மீட்டரை ஒட்டின ஊர்களுக்குத்தான் போக வேண்டும்.

அப்பச்சியிடம் சொன்னேன். "அப்ப நான் படுத்துக் கிடந்தா ஆப்பிளும் மலையேறிப் போயிருமா?"

ஆகஸ்ட் 24 என்று காலண்டரில் வட்டம் போட்டேன். பென்சிலில்தான்.

ஆகஸ்ட் 8

மதுரை. நான் சிம்லா என்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். எனக்கு மனப்பாடம்: சிம்லா 2,200, நார்கண்டா 2,700, தானேதார் மறுபடி இறங்கி 2,200 பக்கம். "2,500க்கு மேலே தங்கக் கூடாது, கடந்து போகலாமா என்பதை அடுத்த எக்கோ பார்த்துவிட்டுச் சொல்கிறேன்." அடுத்த எக்கோ, அந்த நெஞ்சு ஸ்கேன், எப்போது? செப்டம்பர் முதல் வாரம்.

வரும் வழியெல்லாம் அப்பச்சி பேசவில்லை. மேலூர் தாண்டியதும், "கொடைக்கானல் எவ்வளவு?" என்றார்.

2,100.

"அதுக்குப் போயிட்டு வந்திருக்கேன்ல."

அது 1974இல். அம்மாவோடு.

ஆகஸ்ட் 9

வட்டத்தை அழித்துவிட்டு செப்டம்பர் 14இல் போட்டேன்.

ஆகஸ்ட் 13

அண்ணன் போன். "உனக்குப் புத்தி இருக்கா? இங்கே ஆப்பிள் கிலோ கணக்கில் கிடைக்குது." கிடைக்கிறது. அவன் அனுப்பிய பெட்டியே இன்னும் பட்டாலையில் இருக்கிறது, இரண்டு அழுகியும் விட்டது. அதைச் சொல்லவில்லை. சொத்துப் பங்கு விஷயமாகப் பெரியப்பச்சி வீட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று மட்டும் சொன்னேன். உடனே வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 16

97. 96. 97. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற அந்தக் கருவியைக் காலை, மதியம், இரவு மாட்டிப் பார்க்கிறேன். அப்பச்சி அதற்கு 'விரல் பூட்டு' என்று பேர் வைத்துவிட்டார். "எங்கப்பன் இத்தனை தடவை இரும்புப் பெட்டியைத் திறந்து பாக்கலை."

ஆகஸ்ட் 19

ஒத்திகை போல கொடைக்கானல் போய் வந்தோம். இ-பாஸ் முதல் நாளே எடுத்தாச்சு. காலை நாலரைக்குக் கிளம்பி திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு. இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டேன், எண்ணெய் குறைத்து. அதை ஒரு குறையாகவே திண்டுக்கல் வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

மலை ஏறும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் விரல் பூட்டு. 96, 95, 95. வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிறுத்தச் சொன்னார், இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாரலை மட்டும் முகத்தில் வாங்கிக்கொண்டார். ஏரிக்கரையில் 93. எனக்குக் கை நடுங்கியது. அவர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

வாந்தி எடுத்தது நான். இரண்டு தரம். அப்பச்சி தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "உனக்கு டாக்டர் பெர்மிஷன் குடுத்தாரா?" என்றார்.

ரோட்டோரக் கடையில் பேரிக்காய், வெண்ணெய்ப்பழம், அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டின ஆப்பிள். "இங்க விளைஞ்சதா?" என்று கேட்டார். "சிம்லா ஆப்பிள் சார்" என்றான் கடைக்காரன் பெருமையாக. அப்பச்சி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார். பேரிக்காய் இரண்டு கிலோ வாங்கினோம்.

இரவு பத்தரைக்கு வீடு. கால் வீக்கம் இல்லை. கொஞ்சம் இருந்தது போலவும் இருக்கிறது. அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை.

ஆகஸ்ட் 20

குழி விழவில்லை. மறுபடி பார்த்தேன்.

ஆகஸ்ட் 23

கோட்கர் பற்றிப் படித்ததை அப்பச்சிக்குச் சொன்னேன். அமெரிக்காக்காரர் ஒருவர், சாமுவேல் ஸ்டோக்ஸ், பிலடெல்பியாவில் வசதியான வீட்டுப் பிள்ளை. 1904இல் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்ய வந்தவர் அந்த மலையிலேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார். வெள்ளைக்காரர்கள் அதற்கு முன் அங்கே போட்டிருந்த ஆப்பிள் புளிப்பு. இவர்தான் 1916இல் அமெரிக்காவில் இருந்து சிவப்பு டெலிஷியஸ் கன்று வரவழைத்து நட்டார். அந்த இனிப்பு ஜனங்களுக்குப் பிடித்துப்போய், மலை முழுக்க அதுவே ஆகிவிட்டது. 1921இல் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார். பின்னால் பேரைச் சத்யானந்த் என்று மாற்றிக்கொண்டார்.

அப்பச்சி தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நம்மாளுக பர்மாவுக்குப் போயி அங்கே இருந்த தேக்கை வெட்டி இங்கே கொண்டாந்தாக. அந்தாளு இங்கே வந்து அவுக ஊருக் கன்னைக் கொண்டாந்து நட்டுட்டாரு."

அப்புறம், "நம்ம ஊர்ல நட்டா வருமா?" என்றார். வராது. டெலிஷியஸ் மரம் குளிர்காலத்தில் ஏறக்குறைய 1,000 மணி நேரம், 7 டிகிரிக்குக் கீழே, தூங்கி எழுந்தால்தான் பூக்கும். காரைக்குடி மார்கழியில் விடியற்காலைக்குக்கூட அந்தக் குளிர் கிடையாது. "மரத்துக்கே தூக்கம் வேணும்கிறாக, நீ என்னை மூணு தரம் எழுப்பி விரலைப் பூட்டுறே."

ஆகஸ்ட் 27

சதுர்த்தி. பிள்ளையார்பட்டிக்கு நான் மட்டும். கூட்டம். எக்கோவுக்காக ஒரு தேங்காய், ரோட்டுக்காக ஒரு தேங்காய்.

ஆகஸ்ட் 31

டிவியில் இமாச்சல் மண்சரிவு. மகனுக்கு ஒன்பது தடவை போன் செய்தேன். அவன் இருப்பது சமவெளி என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

செப்டம்பர் 2

ரயிலில் போகலாம் என்கிறார் அப்பச்சி. கால்கா–சிம்லா சின்ன ரயில், 1903இல் போட்டது, 96 கிலோமீட்டர், 102 சுரங்கம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். "ஆகட்டுமே, மெதுவா ஏறினா நெஞ்சும் பழகிக்கும்ல?" டாக்டரை விட நன்றாகத்தான் பேசுகிறார்.

செப்டம்பர் 5

எக்கோ மெஷின் ரிப்பேர். பன்னிரண்டாம் தேதி வரச் சொல்கிறார்கள். ரிசப்ஷனில் சண்டை போட்டேன். அந்தப் பெண் என்ன செய்வாள்? சின்னப் பெண்.

14ஐ அழித்தேன். காகிதம் கிழிந்துவிட்டது.

செப்டம்பர் 9

பெட்டகத்தில் இருந்து அப்பச்சியின் ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டேன். அம்மா கொடைக்கானலில் வாங்கியது, பழுப்பு. அந்துருண்டை வாசனை வளவு முழுக்க. அப்பச்சி போட்டுப் பார்த்தார். இந்த வெக்கையில், பட்டாலையில், சட்டைக்கு மேல் ஸ்வெட்டர். வேர்த்துக் கொட்டியது. கழற்றச் சொன்னேன், "இரு, பழகட்டும்" என்றார். தோள் தொளதொள என்று தொங்குகிறது. இந்த மூன்று மாதத்தில் இவ்வளவு இளைத்திருக்கிறார் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

செப்டம்பர் 12

எக்கோ பரவாயில்லை. பரவாயில்லை என்றால்? 'முன்னைக்கு இப்போது பரவாயில்லை.' டிரெட்மில் டெஸ்ட் ஒன்று பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். 25ஆம் தேதி.

25க்குப் பிறகு என்றால் அக்டோபர். அக்டோபர் என்றால் கின்னௌர். கின்னௌர் என்றால் கல்பா. கல்பா 2,900க்கு மேல். அது ஒரு நாள் பயணமும் இல்லை. இந்தக் கணக்கைத் தூக்கத்தில்கூடப் போடுகிறேன்.

செப்டம்பர் 13

ஒழுகவில்லை. மழை இல்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 15

பெரியப்பச்சி வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அண்ணன் சந்தோஷமாகப் பேசினான். "இந்தக் காசுல அப்பச்சியை எங்கே வேணா கூட்டிட்டுப் போ." போன மாதம் புத்தி இருக்கா என்றவன்.

செப்டம்பர் 21

மகன் காலையிலேயே கிளம்பித் தானேதார் போயிருக்கிறான், என்னிடம் சொல்லாமல். பதினோரு மணிக்கு வீடியோ கால். பின்னால் ஒரு சரிவு முழுக்க வெள்ளை வலை, ஆலங்கட்டி மழைக்குப் போட்டதாம். வலைக்கு அடியில் மரம் மரமாக. பெரும்பாலும் பறித்தாகிவிட்டது, அடியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது, பெட்டிக்கு 20 கிலோ. "ஐயாவைக் கூப்பிடுங்க, ஒரு மரம் விட்டு வெச்சிருக்காங்க, காட்டுறேன்" என்றான்.

போனை அப்பச்சி கையில் கொடுத்தேன். ஒரு கொப்பு, இலை, சிவப்பாக என்னவோ ஆடியது. அதற்குள் அவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டார்.

"காட்ட வேணாம்னு சொல்லு. நான் வந்து பாத்துக்கிறேன்."

போனுக்குள் இருந்து மகன் ஐயா, ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

செப்டம்பர் 22

இன்று விரல் பூட்டு மாட்டவில்லை. அவராகவே மதியம் விரலை நீட்டினார். 97.

செப்டம்பர் 24

நாளைக்கு மதுரை. ஐந்தே முக்காலுக்கு வண்டி. நடப்பதற்குத் தோதான செருப்பு, பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, சர்க்கரை இல்லாத பிஸ்கட். ஸ்வெட்டரையும் பையில் வைத்திருக்கிறேன், அந்த டெஸ்ட் ரூமில் ஏ.சி. அதிகம்.