கேரட் நோட்டு: மகளோடு 6 வாரம்

மகளுக்கு இப்போது இரண்டேகால் வயது. ஒரு வயது வரை எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்தவள், ஒன்றரை வயதுக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஒதுக்க ஆரம்பித்தாள். முதலில் பட்டாணி, அப்புறம் பூசணி, அப்புறம் முட்டை. கடைசியில் மறுக்காமல் உள்ளே போனது பால், வாழைப்பழம், உருளைக்கிழங்கு, பிஸ்கட், அவ்வளவுதான். ஒவ்வொரு வேளையும் முக்கால் மணி நேரம் கிண்ணத்தோடு அவள் பின்னால் ஓடுவேன். போனில் வீடியோ ஓடும்போது வாய்க்குள் தள்ளியதெல்லாம் கன்னத்திலேயே அடைந்து கிடக்கும்.

இப்படியே விட்டால் சரிவராது என்று ஒரு நோட்டு போட்டேன். அதில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றவில்லை. வாய்க்குள் போனதை மட்டும் எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது பக்கென்றது. பால் மட்டும் ஒரு நாளைக்கு 900 மில்லி! அழுதால் பால், தூங்கப் பால், சரியாகச் சாப்பிடவில்லையே என்று மறுபடியும் பால். அந்தச் சின்ன வயிற்றில் வேறு எதற்கு இடம் இருக்கும்? குழந்தை மருத்துவரிடம் நோட்டைக் காட்டினேன். அரை லிட்டர் அளவோடு நிறுத்தச் சொன்னார். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வயிறு நிறையும் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வர வாய்ப்பு அதிகம்.

எடையையும் பார்த்தார். பிறந்தபோது 3 கிலோ, முதல் பிறந்தநாளுக்கு 9 கிலோ, இரண்டாவது பிறந்தநாளுக்குப் பதினொன்றரை. வளர்ச்சி அட்டையில் கோடு சீராகவே போகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். முதல் வருஷம் 6 கிலோ ஏறிய உடம்பு அடுத்த வருஷம் இரண்டரை கிலோதான் ஏறியிருக்கிறது. அப்படியானால் பசியும் அதற்கேற்றபடி குறையத்தானே செய்யும்? இவ்வளவு நாளும் போன வருஷத்துப் பசியை மனதில் வைத்துத்தான் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வயதில் ஒரு காயை வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வைத்தால் போதும். நானோ ஒரு கிண்ணம் நிறைய வைத்தேன்.

முதல் வாரம் பாலைக் குறைத்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளரில். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறுதீனி, மற்ற நேரத்தில் தண்ணீர் மட்டும். இரண்டு நாள் அழுகை தாங்க முடியவில்லை. நான்காம் நாள் மதியம் தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து தட்டைத் தட்டினாள். பசியோடு அவள் சாப்பாட்டுக்கு வந்து நான் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது.

இரண்டாம் வாரம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல வருஷங்களாகச் சொல்லிவரும் முறை ஒன்று உண்டு. என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. கேட்க எளிது. இரண்டே வாய் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளை இறங்கிப் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிதே இல்லை. என் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு வாயாச்சும் ஊட்டிவிடேன்டி, பசியோட தூங்கிடப் போறா."

"ரெண்டு மணி நேரத்துல அடுத்தது வருதும்மா. ஒரு வாரம் பொறுத்துப் பாரு."

பொறுத்துப் பார்த்தாள். ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் அடுத்த வேளை சேர்த்துச் சாப்பிட்டது நோட்டிலேயே தெரிந்தது. அதன் பிறகு அம்மாவே நோட்டை வாங்கி எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் கேரட். லியான் பிர்ச் என்ற ஆய்வாளர் 1980களில் சின்னக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனைகளைப் படித்திருந்தேன். புதிய உணவை எத்தனை முறை ருசி பார்க்கிறார்களோ அந்த அளவுக்கு அது பிடித்துப்போகிறது. கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும். எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகலாம். நானோ மூன்றாவது தடவையிலேயே 'இவளுக்குப் பிடிக்காது' என்று எழுதி மூடிவிடுகிற ஆள். இந்த முறை நோட்டில் 'சாப்பிட்டாள்' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டு, பார்த்தாள், தொட்டாள், நக்கினாள், கடித்தாள், விழுங்கினாள் என்று ஐந்து கட்டம் போட்டேன்.

நாள் 1: அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் கேரட் ஒரே துண்டு. விரல் நீளம், நசுக்கினால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்தது. (பச்சைக் கேரட்டும் வட்ட வில்லையும் இந்த வயதில் தொண்டையில் அடைக்கும்.) "வேணாம்." தரையில் போட்டாள். பேசாமல் எடுத்து வைத்தேன்.

நாள் 4: தட்டிலேயே கிடந்தது. தள்ளவில்லை.

நாள் 6: ஆள்காட்டி விரலால் குத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனதும் என்னைப் பார்த்தாள். மறுபடி குத்தினாள். துண்டு கூழாகும் வரை குத்திவிட்டு விரலை நக்கினாள். நான் என் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த விரல் வாய்க்குப் போன நேரம் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

நாள் 9: கடித்தாள். சந்தோஷத்தில் கைதட்டிவிட்டேன். உடனே துப்பினாள். அடுத்த இரண்டு நாள் தட்டைத் தொடவே இல்லை. பாராட்டும் ஒரு விதத்தில் நெருக்குதல்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நாள் 14: கடித்து, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து, உள்ளங்கையில் துப்பி, திருப்பித் திருப்பிப் பார்த்து, திரும்ப வாயில் போட்டு விழுங்கினாள். 'விழுங்கினாள்' கட்டத்தில் முதல் டிக்.

நாள் 19: என் தட்டிலிருந்து அவளே எடுத்தாள்.

இதற்கு நடுவில் ஒரு பெரிய தவறும் செய்தேன். அவசரப்பட்டு, கீரையை அரைத்து உருளைக்கிழங்கு மசியலுக்குள் மறைத்துக் கொடுத்தேன். இரண்டாவது வாயிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அதற்கப்புறம் நான்கு நாள் உருளைக்கிழங்கையும் தொடவில்லை. கையிலெடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தாள். அந்த நாலு நாளும் எனக்கு மனசே சரியில்லை. மறைக்கிற வேலையை அன்றோடு விட்டேன். கீரை என்றால் கீரையாகவே தட்டில் இருக்கும்.

ஆறாம் வார முடிவில் கேரட் நிலைத்துவிட்டது, முட்டை திரும்பி வந்துவிட்டது. பட்டாணியைத் தோல் உரித்து நசுக்கிக் கொடுத்தால் ஐந்தாறு போகிறது. பூசணி அசையவில்லை. சாப்பாட்டு நேரம் முக்கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்துக்கு வந்திருக்கிறது. வீடியோ இல்லை. நாங்கள் மூன்று பேரும் அவளோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம்.

கீரைக்குப் புதுப் பக்கம் போட்டு இன்றோடு ஐந்து நாள். இன்றைக்கு ஒரு இலையை எடுத்து அம்மாவின் வாயில் ஊட்டிவிட்டாள். அதற்கு என்னிடம் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.