கேரம் சிசர் ஸ்ட்ரோக்: இடது மூலை கட் விழுகிறது, இனி கோச்சிங் போகலாமா?

கேரமில் சிசர் ஸ்ட்ரோக்குக்கு மாறியதிலிருந்து விழவே மாட்டேன் என்று அடம்பிடித்த இடது மூலை கட் (காயை ஓரத்தில் அடித்துச் சாய்வாக மூலைக்கு அனுப்புவது), இந்த வாரம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. அதுவும் ராயபுரத்தில் மன்றத்துப் போர்டில், நன்றாக ஆடுகிறவர்கள் சுற்றி நின்று பார்க்கும்போது. பெரிய சந்தோஷம்.

சிசரில் நடுவிரலை ஆள்காட்டி விரல் ஓரத்தில் அழுத்திப் பிடித்து விட வேண்டும். பிடிப்பது யாருக்கும் வந்துவிடும். உயிரை வாங்குவது விரலை விடுகிற இடம். நகம் ஸ்ட்ரைக்கரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். நூலளவு தள்ளி நின்றால் விரல் சுற்றி வந்து ஸ்ட்ரைக்கரின் ஒரு பக்கத்தில் படுகிறது, காய் எங்கேயோ போகிறது. ஒட்டி வைத்தால் அடி தள்ளலாகிவிடும். ஸ்ட்ரைக்கரை அடிக்கத்தான் வேண்டும், தள்ளக் கூடாது என்பது விதி. தெருமுனை ஆட்டத்தில் யாரும் கேட்பதில்லை. போட்டியில் நடுவர் பார்த்தால் ஃபவுல்தான்.

இன்னொரு தொல்லை வேகம். சிசரில் வேகம் சும்மாவே வந்துவிடும், அரை வேகம்தான் வராது. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும், காய் 5.5 கிராமைத் தாண்டாது. நேராக மோதினால் ஸ்ட்ரைக்கர் நிற்காமல் கிட்டத்தட்ட பாதி வேகத்தோடு காயின் பின்னாலேயே ஓடும். பாக்கெட் 4.45 செ.மீ., ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13 செ.மீ. என்பதால் அதுவும் உள்ளே போய் ஃபைன் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓயும்.

போர்டு வழுக்கும் தன்மையும் இதில் சேரும். கடற்கரைப் பக்கம் என்பதால் மழைக்காலத்தில் போரிக் பவுடர் கட்டி கட்டியாகிறது. நான் இப்போது சின்ன டப்பாவில் அரிசியோடு போட்டு மூடி, துணியில் சலித்துத் தூவுகிறேன். அப்புறம், புது ஸ்ட்ரைக்கர் வாங்க பெரியமேடு போகிறவர்கள் கடையிலேயே கண்ணாடி மேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். விளிம்பைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

சரி, கோச்சிங். இந்தப் பக்கம் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம்ம புது வண்ணாரப்பேட்டைப் பெண், அப்பாவிடம் கற்றவர். ஆனால் ஸ்ட்ரோக் பாதி மாறியிருக்கும்போது போனால், பிடி, உட்காரும் விதம், பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்வார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. ஏற்கனவே விரல் குழம்பி நிற்கிறது. அதே சமயம் தனியாகவே ஓட்டினால் தள்ளல் பழக்கமாக உறைந்துவிடும். ஃபோனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பார்த்தேன். தள்ளுகிறேன் என்பது தெரிகிறது, எதை மாற்றுவது என்பது தெரியவில்லை.

மன்றத்து மூத்த அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, இந்த ஒன்னை மட்டும் பாத்துச் சொல்லுங்க."

நாலு அடி பார்த்தார். "விரல ஏன் பாக்குற தம்பி? மணிக்கட்ட பாரு, தூக்குது."

மணிக்கட்டைப் பலகையில் பதித்ததும் நகம் ஒரே இடத்தில் நின்றது. கட் விழ ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அதனால் முழு வகுப்பு இப்போதைக்கு வேண்டாம், ஞாயிறு மாலை அவர் முன்னால் விடுகிற இடத்தை மட்டும் சரிபார்ப்பது என்று முடிவு. வலது மூலை இன்னும் பாக்கி இருக்கிறது, அதற்குள் ஸ்ட்ரைக்கர் வைக்கும் கோட்டுக்குப் பின்னால் நிற்கும் காய்களுக்கு தம் ஷாட் (கட்டைவிரல் அடி) எடுக்கவும் ஆசை வந்துவிட்டது. அதை முதல் நாளிலிருந்தே கோச்சிடம் கற்கப் போகிறேன், அதில் மாற்றிக்கொள்ள எனக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை.